மூன்றரை மணி வள்ளத்துக்கு ஒரு பட்டப்படிப்பு

என்னிடம் ஒரு பல்கலைக்கழகப் பட்டம் இருக்கிறது. மற்றவர்களைப் போலச் சட்டம் போட்டுச் சுவரில் கொழுவவில்லை. அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். வெட்கத்தில்தான். அதில் என் பெயருக்குக் கீழே மூன்று பாடங்கள் எழுதியிருக்கும்: சமஸ்கிருதம், கிறிஸ்தவ நாகரிகம், புள்ளிவிபரவியல். (ஓம், நீங்கள் சரியாகத்தான் வாசிச்சனீங்கள்.) அதைப் பார்க்கிறவர்கள் முதலில் பட்டத்தைப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள், பிறகு மெல்ல "ஏன் பிள்ளை இப்பிடி?" என்று கேட்பார்கள். இவ்வளவு காலமும் அதற்கு விதம்விதமாகப் பதில் சொல்லியிருக்கிறேன். வேலைக்குப் போன இடத்தில் 'பல்துறை நோக்கு' என்றுகூடச் சொன்னேன், அவர்களும் தலையாட்டினார்கள். உண்மையை இப்போது சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் விருப்பத்தைப் பார்த்துப் பாடம் எடுப்பார்கள். கெட்டிக்காரர் உத்தியோகத்தைப் பார்த்து எடுப்பார்கள். நான் வள்ளத்தைப் பார்த்து எடுத்தனான்.

நான் அனலைதீவுக்காரி. ஊர்காவற்றுறைத் துறையில் மோட்டர் வள்ளம் ஏறினால் முக்கால் மணித்தியாலத்தில் எங்கள் ஊர். நான் சொல்வது எண்பத்து நாலாம் ஆண்டுக் கதை. அப்போது காலமை ஆறரைக்கு ஊரிலிருந்து வள்ளம் புறப்படும். பின்னேரம் மூன்றரைக்கு ஊர்காவற்றுறையிலிருந்து திரும்பும். ஓட்டுகிறவர் சின்னத்துரை அண்ணை. தெரிந்த ஆள் ஓடிவருவதைக் கண்டால் பத்து நிமிடம் பொறுப்பார். ஆளே கண்ணில் படாவிட்டால் அவர் என்ன செய்வார், பாவம்.

என் ஐயா தோட்டக்காரர். புகையிலை, வெங்காயம், நாலு ஆடு, இரண்டு மாடு, நாங்கள் மூன்று பிள்ளைகள். பொழுதுபட முந்தி இவ்வளவும் வளவுக்குள் நிற்கவேண்டும் என்பது அவருடைய சட்டம். வாசற்படலையடியில் நின்று ஆடு மாடு கோழியெல்லாவற்றையும் ஒரு கண்ணோட்டம் விட்டு, கடைசியில் எங்களையும் பார்த்தபிறகுதான் அம்மாவை விளக்குக் கொளுத்த விடுவார். (ஒருநாள் தம்பி புளியமரத்தில் ஏறி இருந்துவிட்டான். அன்றைக்கு எங்கள் வீடு எட்டு மணிவரை இருட்டு.)

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கலைப்பிரிவில் சோதனை எழுதிய ஆறு பேரில் நான் ஒருத்திதான் கம்பஸுக்கு, அதுதான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கு, எடுபட்டேன். கடிதம் வந்தபோது அம்மா அழுதா. ஐயா கடிதத்தை மூன்றுதரம் வாசித்தார். நாலாந்தரம் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு கேட்டார்:

"அப்ப பின்னேரம் வீட்டை வருவாயோ?"

"அங்கை ஹொஸ்டல் இருக்கு ஐயா. பெட்டையளுக்கெண்டு தனியா..."

"ஹொஸ்டல் கதையை விடு. விடியப் போ, பொழுதுபட முந்தி வா. வரலாமெண்டால் கம்பஸ். வர ஏலாதெண்டால் ஊர்காவற்றுறையிலை தட்டெழுத்துப் பழகு. அங்கை மத்தியானத்தோடை விட்டிடுவினம்."

ஐயா சத்தம் போட்டுப் பேசுகிற மனிசனில்லை. அதுதான் கரைச்சல். சத்தம் போடுகிறவரோடு சண்டை பிடிக்கலாம், இவரோடு என்ன செய்வது? அம்மாவைத் தூது விட்டேன். அம்மா போன வேகத்தில் திரும்பிவந்து, "தட்டெழுத்தும் நல்ல தொழில்தானே மங்கை" என்றா. நான் ஆசைப்பட்டது தமிழ் படிக்க. கம்பஸில் மூன்று வருடம் இருந்து தமிழை ஆற அமரப் படிக்கவேண்டுமென்று பத்தாம் வகுப்பிலிருந்து கனவு கண்டவள் நான். எனக்கு ஏன் தட்டெழுத்து மெசின்?

அந்த வருடம் பார்த்துக் கலைப்பீடத்தில் ஒரு புதுத் திட்டம் கொண்டுவந்தார்கள். 'இணைந்த பாடப் பட்டம்' என்று பெயர். முன்பு இந்தப் பாடத்தோடு இந்தப் பாடம்தான் சேரும் என்று கட்டு இருந்தது. இனிமேல் மாணவரே எந்த மூன்று பாடத்தையும் சேர்த்துத் தன் பட்டத்தைத் தானே வடிவமைக்கலாம். ஆனால் இந்த மூன்றும் ஏன் ஒன்றாகச் சேர்கின்றன என்று ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டுபோய் ஒரு குழுவுக்கு முன்னால் விளங்கப்படுத்தவேண்டும். தாயோ தகப்பனோ கூடவந்து படிவத்தில் கையெழுத்து வைக்கவேண்டும். அந்தத் திட்டத்தைக் கொண்டுவந்தவர்கள் நல்ல மனிதர்கள். பிள்ளைகளுக்குச் சுதந்திரம் கொடுக்கவேண்டும் என்று நினைத்தார்கள். அந்தச் சுதந்திரத்தோடு நான் என்ன செய்யப்போகிறேன் என்று அவர்களுக்குத் தெரியாது.

வேலணையில் கமலா அக்கா இருந்தா. அம்மா வழியில் சொந்தம், கம்பஸில் இரண்டாம் வருடம். எந்தப் பாடம் எத்தனை மணிக்கு என்ற முதலாம் வருட நேரசூசி முழுவதையும் ஒரு கொப்பியில் எழுதி, ஒவ்வொரு விரிவுரையாளரைப் பற்றியும் இரண்டு வரி குறிப்பும் போட்டு, சின்னத்துரை அண்ணையிடம் கொடுத்தனுப்பினா. நான் பழைய கலண்டர்த் தாளொன்றின் பின்பக்கத்தில் அதைப் பெரிதாக வரைந்தேன். மூன்றரை மணி வள்ளத்தைப் பிடிக்க இரண்டு மணி பஸ்ஸில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிடவேண்டும். இரண்டு மணி பஸ்ஸுக்கு ஒன்றரைக்குக் கம்பஸ் வாசலைத் தாண்டவேண்டும். ஒன்றரை மணியில் சிவப்புப் பென்சிலால் மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்தேன். கோட்டுக்கு இங்காலை கிடந்ததெல்லாம் எனக்கு. அங்காலை கிடந்ததெல்லாம் தட்டெழுத்து.

தமிழ் அங்காலை கிடந்தது. செவ்வாயும் வியாழனும் பின்னேரம் இரண்டு மணியிலிருந்து ஐந்து மணிவரை. அழிறப்பரால் கோட்டை அழித்து, திரும்பவும் கணக்குப் பார்த்துக் கீறினேன். கோடு அதே இடத்தில்தான் வந்து நின்றது. வீட்டுக்குப் பின்னால் கோடிப்புறத்தில் போய் இருந்து நன்றாக அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, கமலா அக்காவின் குறிப்பையும் சேர்த்து ஒவ்வொரு பாடத்துக்கும் பக்கத்தில் ஒரு தீர்ப்பு எழுதினேன். 'சரி' அல்லது 'வள்ளம் தப்பும்'. கடைசியில் 'சரி' என்று மிஞ்சியவை மூன்றே மூன்று. அவைதான் அந்த மூன்று.

இனி அந்த ஒரு பக்கத்தை எழுதவேண்டும். இந்த மூன்றையும் எந்தக் கயிற்றால் கட்டுவது? இரண்டு நாள் பேனையைக் கடித்ததுதான் மிச்சம். மூன்றாம் நாள் கடையில் சீனி சுற்றித் தந்த கடதாசியை விரித்துப் பார்த்தேன். ஏதோ ஒரு பழைய செபப் புத்தகத்தின் தாள். சர்வேசுரன், பிரசாதம், இரட்சணியம்! அம்மாளாணை, எல்லாம் வடமொழிச் சொல்! சமஸ்கிருதமும் கிறிஸ்தவ நாகரிகமும் சீனிச் சரைக்குள்ளேயே சேர்ந்து கிடந்திருக்கின்றன. அந்தச் சொற்களை எண்ணிவிட்டால் அது புள்ளிவிபரவியல். ஒரே மூச்சில் எழுதினேன். 'பழைய கிறிஸ்தவ செபங்களில் வடமொழிச் சொற்களின் செல்வாக்கைக் கணித முறையில் ஆராய்வதே அடியேனின் சிறுபிராய முதலான வேட்கையாகும்' என்று தொடங்கினேன். (சிறுபிராய வேட்கை! அன்றைக்குத்தான் சீனி வாங்கினது.)

"என்ன பாடமெல்லாம் எடுத்திருக்கிறாய்?" என்று ஐயா கேட்டார்.

"சமஸ்கிருதம், நாகரிகம், புள்ளிவிபரம்" என்றேன். நடுப்பாடத்தின் முன்பாதியை விழுங்கிவிட்டேன்.

"நல்லது. சைவப்பிள்ளை சமஸ்கிருதமும் நாகரிகமும் படிக்கிறது நல்லது" என்றார் ஐயா. எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

குழுவுக்குப் போன நாள், கடல் கொந்தளிக்கிற நல்ல சோளகக் காற்றுக் காலம். ஐயா சலவை வேட்டி, சால்வை, குடை சகிதம் வெளிக்கிட்டார். இங்கே ஒன்று சொல்லவேண்டும். ஐயா ஐம்பத்தாறு வருடம் நாலுபக்கமும் கடலைப் பார்த்துக்கொண்டு வாழ்ந்தவரே தவிர, கடலில் போகிறவரல்ல. வருடத்தில் இரண்டுதரம் போவார், அதுவும் கடல் குளமாகக் கிடக்கிற மாதம் பார்த்து. புகையிலையைக்கூட வேறு ஆட்கள்தான் கொண்டுபோவார்கள். அன்றைக்குக் காலமை காற்று இன்னும் எழும்பவில்லை. அப்படியிருந்தும் ஐயா கண்ணை மூடி, ஐயனாரைக் கூப்பிட்டபடியேதான் ஊர்காவற்றுறை வந்து சேர்ந்தார். இறங்கியதும் கண்ணைத் திறந்து, "பார், ஒண்டுமில்லை" என்றார்.

கம்பஸில் ஒரு கிளாக்கர் ஐயாவிடம் படிவத்தை நீட்டி, "இதிலை ஒரு கையெழுத்து வையுங்கோ" என்றார். ஐயா வாசிக்கவில்லை. கதிரையில் நிமிர்ந்து இருந்து தன் பெயரை முழுமையாக எழுதினார். பதினொரு மணிக்கு எங்களை வரச்சொல்லியிருந்தார்கள். எனக்கு முன்னால் நாலு பேர். பன்னிரண்டு ஆயிற்று, பன்னிரண்டரை ஆயிற்று. உள்ளே போய்வந்த ஒரு பெடியன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "இடக்கைப் பக்கம் இருக்கிற அரசறிவியல் சேர் கேள்வி கேக்கேல்லை, லெக்சர் அடிக்கிறார்" என்றான். ஐயா சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

ஒரு மணிக்குக் கூப்பிட்டார்கள். ஐயா வெளியில் மரவாங்கில் இருந்தார், நான் உள்ளே போனேன். நடுவில் நரைத்த தலையோடு சமஸ்கிருதப் பேராசிரியர். வலக்கைப் பக்கம் புள்ளிவிபரவியல் மிஸ். இடக்கைப் பக்கம் அந்த அரசறிவியல் சேர். பேராசிரியர் என் ஒரு பக்கத்தை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் வாசித்தார்.

"பிள்ளை, இதை நீர்தான் யோசிச்சனீரோ?"

"ஓம் சேர்."

"அருமை! இந்தத் திட்டம் இதுக்காகத்தானே. இவ்வளவு பேர் வந்தினம், எல்லாரும் தமிழும் வரலாறும் புவியியலும். இப்பதான் ஒரு பிள்ளை உண்மையாகவே தானா ஒரு பட்டத்தை வடிவமைச்சுக் கொண்டுவந்திருக்கு. என்ன மிஸ்?"

மிஸ் தலையாட்டினா. எனக்குத் தலை கனத்துவிட்டது. செபங்களைப் பற்றி மேலும் அள்ளிவிட்டேன். தீவுப்பகுதிக் கத்தோலிக்கர், மீன்பிடி, மொழி என்று வாயில் வந்ததெல்லாம். ஊரைத் தாண்டிப் போகாதவள் உலகத்துக்கே பாடம் எடுத்தேன். கெட்டித்தனம் கூடினால் இதுதான் வரும் என்று அப்போது தெரியவில்லை. பேராசிரியர் உற்சாகம் தாங்காமல் மேசையில் தட்டினார்.

"இப்பிடியான பிள்ளைக்கு நாங்களும் ஏதும் செய்யவேணும். மூண்டு பாடத்தையும் இணைக்கிறதுக்கு உமக்கெண்டு ஒரு தனி வகுப்பு வைப்பம். செவ்வாயும் வியாழனும், பின்னேரம் மூண்டரைக்கு!"

"ஐயோ சேர், வள்ளம் போயிடும்!" என்று கத்திவிட்டேன்.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். "என்ன வள்ளம்?" என்றா மிஸ்.

அந்த நேரத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கவேண்டும். ஆனால் பதற்றத்தில், சிவப்புக் கோட்டைக் காட்டினால் இவர்களுக்கு விளங்கிவிடும் என்று நினைத்து, பைலுக்குள் இருந்த கலண்டர்த் தாளை இழுத்து மேசையில் விரித்தேன். பக்கத்தில் எழுதிய தீர்ப்புகள் எனக்கு நினைவே இல்லை. பேராசிரியர் தாளைத் தன் பக்கம் திருப்பிச் சத்தமாக வாசிக்கத் தொடங்கினார்.

"தமிழ். ஆசையான பாடம். வள்ளம் தப்பும்... புவியியல். களப்பயணம் எண்டு எங்கையெல்லாம் கொண்டுபோவினமோ தெரியாது. வள்ளம் தப்பும்... அரசறிவியல். நேரம் சரி. ஆனால் சேர் கதைக்கத் தொடங்கினால் மணியும் தெரியாது திகதியும் தெரியாது. கட்டாயம் வள்ளம் தப்பும்."

அரசறிவியல் சேர் மெல்லக் கண்ணாடியைக் கழற்றினார். மிஸ் கைலேஞ்சியால் வாயைப் பொத்தினா.

"கிறிஸ்தவ நாகரிகம். எல்லாம் காலமை. சரி... புள்ளிவிபரவியல். மிஸ் பொல்லாதவவாம், பிறந்ததிலையிருந்து சிரிக்கேல்லையாம். ஆனால் நேரத்துக்கு மணிக்கூடு. சரி."

மிஸ் கைலேஞ்சியை இறக்கினா. இனி ஒன்றுதான் மிச்சம். அதில் என்ன எழுதினேன் என்பது அந்தக் கணத்தில்தான் நினைவுக்கு வந்தது. தாளைப் பறித்துக்கொண்டு ஓடலாமா என்றுகூட யோசித்தேன்.

"சமஸ்கிருதம். பேராசிரியர் வயசாளி. மத்தியானத்தோடை நித்திரை தூங்குவாராம், அதாலை கெதியா விட்டிடுவார். மிகவும் சரி."

பேராசிரியர் தாளைக் கீழே வைத்தார்.

"அப்ப சிறுபிராய வேட்கை?"

"முதல் வள்ளம்தான் சேர். பிறகுதான் வேட்கை வந்தது" என்றேன். அழுகை வந்துவிட்டது. "பொழுதுபட முந்தி வீட்டை போகாட்டி ஐயா கம்பஸுக்கு விடமாட்டார் சேர். தட்டெழுத்துக்கு அனுப்பிப்போடுவார்."

பேராசிரியர் சிரிக்கத் தொடங்கினார். மெல்ல இல்லை, கதிரை ஆட ஆடச் சிரித்தார். மிஸ்ஸும் சிரித்தா. (பிறந்ததிலிருந்து முதல்தரம் என்று கமலா அக்கா பிறகு சாதித்தா.) "காரணம் பிந்தி வந்தாலும் நல்ல காரணம். நாங்கள் ஏற்றுக்கொள்ளுறம்" என்று பேராசிரியர் படிவத்தில் கையெழுத்து வைத்தார். "தகப்பனைக் கூப்பிடும். நான் ஹொஸ்டலைப் பற்றிக் கதைக்கிறன்."

ஐயா சால்வையைச் சரிசெய்துகொண்டு வந்தார். பேராசிரியர் எழும்பிக் கையைப் பிடித்தார். "நீங்கள் குடுத்துவைச்சனீங்கள். உங்கடை மகள் கிறிஸ்தவ நாகரிகத்திலை பெரிய ஆளா வருவா!"

ஐயா என்னைப் பார்த்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. படலையடியில் ஒரு ஆடு குறையும்போது பார்ப்பாரே, அந்தப் பார்வை.

"ஹொஸ்டலிலை விட்டால் பின்னேர வகுப்புக்கும் வரலாம்" என்றார் பேராசிரியர்.

"அது ஏலாது சேர்" என்றார் ஐயா. "பொம்பிளைப்பிள்ளை வீட்டை வரவேணும். பின்னேரம் வகுப்பெண்டால் எங்களுக்கு இது சரிவராது. குறை நினையாதேங்கோ. நட மங்கை."

அப்போது மணி ஒன்றரை. ஓடினால் பஸ்ஸைப் பிடிக்கலாம். வாசலில் அரசறிவியல் சேர் ஐயாவின் தோளில் கைபோட்டார். அவருக்கு மனத்தாங்கல் இல்லை, நல்ல மனிசன். பாடத்தெரிவுச் சுதந்திரம் என்றால் என்ன என்று ஒரு தகப்பனுக்கு விளக்காமல் விடுவது சரியல்ல என்று நினைத்தார். கிரேக்க நாட்டில் தொடங்கினார். ஐயா மரியாதைக்காரர், படித்த ஆள் பேசும்போது இடையில் குறுக்கிடமாட்டார். "ஓம் சேர்... ஓம் சேர்..." என்று நின்றார். நான் பின்னால் நின்று ஒற்றைக் காலை மாற்றி மாற்றி வைத்தேன். சேர் பிரான்ஸ் நாட்டுக்கு வந்தபோது இரண்டு மணி பஸ் போய்விட்டது. அவரைப் பற்றி நான் எழுதிய தீர்ப்பு மட்டும் நூற்றுக்கு நூறு சரி.

அடுத்த பஸ் மூன்று மணிக்கு. பண்ணைப் பாலம் தாண்டும்போது ஐயா குடையை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டார். வேலணைச் சந்தியில் பஸ் நின்றபோது யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "தட்டெழுத்து" என்றார். அவ்வளவுதான். என் கம்பஸ் படிப்பு அந்தச் சந்தியில் இறங்கிப் போய்விட்டது என்று நினைத்தேன். அழவும் பயம்.

ஊர்காவற்றுறைத் துறைக்கு வந்தபோது நாலேகால். சின்னத்துரை அண்ணை போய்விட்டார். சோளகம் இப்போது முழுவீச்சில். துறையில் ஒரு மீன்பிடி வள்ளம் வெளிக்கிட நின்றது. அந்த வள்ளக்காரர் யோசேப்பு அண்ணையும் பெண்சாதி திரேசக்காவும் எழுவைதீவில் இனசனத்தின் வீட்டுக்குப் போகிறார்கள். எங்களைப் பார்த்து இரங்கி, "ஏறுங்கோ, அனலைதீவிலை இறக்கிவிடுறம்" என்றார்கள். ஐயா கடலைப் பார்த்தார், குடையைப் பார்த்தார், ஏறினார். வேறு வழி?

துறையைத் தாண்டியதும் முதல் அலை ஐயாவின் சலவை வேட்டியை நனைத்தது. இரண்டாம் அலை குடையைக் கொண்டுபோனது. அதற்குப்பிறகு அலைகளை யார் கவனித்தது? வள்ளம் எழும்பும், நிற்கும், 'தொம்' என்று விழும். ஐயா ஈரவலைக் குவியலுக்குள் இரண்டு கையையும் விட்டுப் பிடித்துக்கொண்டு, "ஐயனாரே, ஐயனாரே" என்றார். கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது. வாய் மட்டும் ஆடியது, சத்தம் வரவில்லை.

"ஐயா, பயப்பிடாதேங்கோ. நான் சொல்லுறன், நீங்களும் சேர்ந்து சொல்லுங்கோ" என்று திரேசக்கா செபமாலையைக் கையில் எடுத்தா. அவவின் தாய்க்குத் தாய் சொன்ன பழைய செபம். பெரிய குரல், காற்றுக்கு மேலால் கேட்டது. என் ஐயா, மூன்று நேரமும் திருநீறு பூசுகிற ஐயா, ஒவ்வொரு சொல்லாகத் திருப்பிச் சொன்னார். முதலில் முணுமுணுத்தார். பிறகு திரேசக்காவையும் மிஞ்சி. ஒரு இடத்தில் அவ மூச்செடுக்க நிறுத்தியபோது, "ஏன் பிள்ளை நிப்பாட்டினனி, அடுத்ததைச் சொல்லு, கெதியாச் சொல்லு!" என்று கத்தினார்.

நான் என்ன செய்தேன் என்று கேளுங்கள். எண்ணினேன்! சர்வேசுரன் ஒன்று, பிரசாதம் இரண்டு, இரட்சணியம் மூன்று. பயத்தில் மூளை அதைத்தான் செய்தது. நாற்பது தாண்டியபிறகு ஒரு சந்தேகம் வந்தது: ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால் அதை ஒன்றாக எண்ணுவதா, ஒவ்வொருதரமும் எண்ணுவதா? மிஸ்ஸிடம் கேட்கவேண்டும் என்று நினைத்தேன். பிறகு, இனி எங்கே மிஸ்ஸைக் காணப்போகிறேன் என்ற நினைவு வந்து, கடல்நடுவில் விக்கி விக்கி அழுதேன். திரேசக்கா நான் கடலுக்குப் பயந்து அழுகிறேன் என்று நினைத்து இன்னும் உரத்துச் செபித்தா.

அனலைதீவுத் துறையில் இறங்கும்போது பொழுதுபட இன்னும் நேரம் இருந்தது. ஐயா யோசேப்பு அண்ணையின் கையை இரண்டு கையாலும் பிடித்தார், பேச்சு வரவில்லை. வள்ளம் போனபிறகு கற்கட்டில் குந்தியிருந்து சால்வையைப் பிழிந்தார். பிழிந்து உதறி, திரும்பவும் பிழிந்தார்.

"மங்கை."

"ஓம் ஐயா."

"உந்தக் கடலிலையோ நீ நாளாந்தம் போய்வாறதெண்டு சொன்னனி?"

"நீங்கள்தானே ஐயா சொன்னனீங்கள், பின்னேரம் வீட்டை வரவேணுமெண்டு."

"சோளகத்திலையும்?"

"ஓம்."

"வாடைக் காத்திலையும்?"

"ஓம் ஐயா."

ஐயா கடலைப் பார்த்தார். காற்றில் சால்வை படபடத்தது.

"ஹொஸ்டலிலை சோறு நல்லமாமோ?" என்று கேட்டார்.

எனக்கு விளங்க ஒரு நிமிடம் எடுத்தது. விளங்கியதும் துறையில் நின்ற எல்லாரும் பார்க்க ஐயாவைக் கட்டிப்பிடித்தேன். ஈரவலை மணம். "கோதாரி, விடடி, சனம் பாக்குது" என்றார். வீட்டுக்குப் போகிற வழியில் இன்னொன்றும் சொன்னார்: "வள்ளத்திலை நான் சொன்னதுகளை ஊருக்குள்ளை சொல்லாதை. ஐயனார் கேட்டிருந்தால் பரவாயில்லை, அவர் பேசாமல் இருப்பார்."

இதோடு கதை முடிந்திருந்தால் நான் பட்டத்தைச் சுவரில் கொழுவியிருப்பேன். அன்றைக்கு இரா படுத்தபிறகுதான் எனக்கு உறைத்தது. ஹொஸ்டல் என்றால் வள்ளம் இல்லை. வள்ளம் இல்லை என்றால் கோடு இல்லை. கோடு இல்லை என்றால் தமிழ் படிக்கலாம்! அடுத்த கிழமை துள்ளிக்கொண்டு பேராசிரியரிடம் ஓடினேன்.

"சேர், எனக்குத் தமிழுக்கு மாறவேணும்."

"மாற ஏலாது பிள்ளை. நீர் எழுதினனீர், நாங்கள் நம்பினனாங்கள், கொப்பர் கையெழுத்தும் வைச்சிட்டார். பட்டியல் போயிட்டுது." பிறகு முகத்தை ஒன்றும் தெரியாதமாதிரி வைத்துக்கொண்டு சொன்னார்: "இப்பதான் வள்ளம் இல்லையே. செவ்வாய், வியாழன் மூண்டரைக்கு வாரும். நான் நித்திரை தூங்கமாட்டன்."

அந்தத் தனி வகுப்பு நடந்த அறைக்குப் பக்கத்து அறையில்தான் தமிழ் வகுப்பு. மூன்று வருடம், செவ்வாயும் வியாழனும், சுவருக்கு அந்தப் பக்கம் கவிதை கேட்கும். சுவருக்கு இந்தப் பக்கம் நான் செபப் புத்தகத்தில் வடமொழிச் சொல் எண்ணிக்கொண்டிருப்பேன். பொய் சொல்லக்கூடாது, போகப்போக அது எனக்குப் பிடித்துக்கொண்டது. திரேசக்கா வீட்டுக்கும் பலதரம் போனேன். அவ செபம் சொல்லுவா, மீன்குழம்பு தருவா, "ஐயா சுகமோ? இப்பவும் சொல்லுறவரோ?" என்று கேட்பா.

பட்டமளிப்பு விழா பிந்திப் பிந்தி, யுத்தத்துக்கு நடுவில் நாடு விட்ட ஒரு இடைவெளியில் ஒருமாதிரி நடந்தது. நல்ல வாடைக்காலம். ஐயா வரமாட்டார் என்று நினைத்திருந்தேன். ஆனால் ஆறரை வள்ளத்தில், கண்ணை மூடியபடி, புதுக்குடையோடு வந்துசேர்ந்தார். விழா முடிய இரண்டு மணியும் தாண்டிவிட்டது. பேராசிரியர் கூட்டத்துக்குள் ஐயாவை அடையாளம் கண்டுகொண்டு சிரித்தபடி வந்தார்.

"என்ன ஐயா, வள்ளம் எத்தினை மணிக்கு?"

ஐயா மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. என் கறுப்பு அங்கியைப் பார்த்தார். அதன் தோள்பக்கம் மடிந்திருந்ததை எடுத்துச் சரிசெய்தார்.

"போனாப் போகட்டும் சேர்" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யாராவது தலைகீழாக ஒரு முடிவு எடுத்தால், ஒருவர் "வள்ளம் எத்தினை மணிக்கு?" என்று கேட்கவேண்டும், மற்றவர் "போனாப் போகட்டும்" என்று சொல்லவேண்டும். தம்பி கலியாணத்துக்குப் பெண் பார்த்தபோது கேட்டோம். நான் ஊரைவிட்டுக் கனடாவுக்கு வெளிக்கிட்டபோது அம்மா அழுதழுது கேட்டா. போன மாதம் என் மகள், இங்கே பல்கலைக்கழகத்தில் தானே தெரிந்தெடுத்த பாடங்களைக் கணினியில் காட்டினாள். கடல் உயிரியல், நாடகம், பொருளியல். மூன்றும் எப்படிப் பொருந்துகின்றன என்று கைகால் ஆட்டி அரை மணித்தியாலம் விளக்கினாள். நான் நேரசூசியைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை முழுக்க வெறுமை, ஒரு வகுப்பும் இல்லை.

"பிள்ளை, வள்ளம் எத்தினை மணிக்கு?" என்றேன்.

அவளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டி வாசிக்கவே கஷ்டம். ஆனால் இந்த ஒரு பதிலை மட்டும் அச்சொட்டாக ஐயா சொன்ன மாதிரியே சொல்லுவாள். ஐயாவை அவள் ஒருநாளும் கண்டதில்லை.